சனிக்கிழமை ராயர் மெஸ், ரத்னா கஃபே, ஞாயித்துக்கிழமை வீட்டு இட்லி

சென்னைல வீக்கெண்ட் டிபன்னா எனக்கு முதல்ல ராயர் மெஸ்தான். மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் அருண்டேல் தெருன்னு கேட்டா யார் வேணா வழி சொல்லிடுவாங்க. சின்ன இடம், உள்ள கொஞ்சம் பேர்தான் உக்கார முடியும், அவங்க சாப்ட்டு எந்திரிக்கற வரைக்கும் நாம தெருவுல நிக்கணும், சனி ஞாயிறுல அந்தக் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. இட்லி, பொங்கல், வடை, ஆனா எல்லாரும் போறது அந்த கெட்டி சட்னிக்காகத்தான்னு நான் சொல்லுவேன். பேருக்கேத்த மாதிரி நிஜமாவே கெட்டி, இட்லிய வெச்சு அள்ளினா அப்படியே ஒட்டிட்டு வரும், வாயில வெச்சதும் தேங்கா தெரியும், பச்சை மிளகா காரம் ஒரு வாய் கழிச்சுதான் ஏறும், அப்போ சூடா பொங்கல் ஒரு வாய் போட்டா அடங்கிடும். வேற எந்தக் கடைலயும் சாம்பார தொடாம முழு தட்டையும் சட்னிலயே முடிச்சதில்ல, இங்க முடிச்சிருக்கேன்.

சாம்பார்னா திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948லேர்ந்து இருக்கற கடை, இப்ப ஊர்ல நிறைய பிராஞ்ச் இருக்கு, நான் சொல்றது பழைய கடைய. சாம்பார் இட்லி கேட்டா இட்லி முங்கற அளவுக்கு ஊத்துவாங்க, தீர்ந்தா மறுபடி வந்து ஊத்துவாங்க, முகம் சுளிக்கறதே கிடையாது. வந்த உடனே சாப்பிடாதீங்க, ஸ்பூனால நாலா உடைச்சு விட்டுட்டு ரெண்டு நிமிஷம் பொறுங்க, இட்லி சாம்பார இழுத்துக்கிட்டு நல்லா ஊறினதுக்கப்புறம் எடுத்தாதான் அந்த ருசி.

புது மாதிரி கஃபேக்களும் பார்த்தாச்சு. எங்க ஏரியால ஒண்ணு, பேர் வேணாம், உக்கார இடம் அவ்ளோ அழகா இருக்கும், ஆனா பொங்கல் மைக்ரோவேவ்ல சூடு பண்ணி வந்துச்சு, ஓரமெல்லாம் காஞ்சு நடுவுல ஜில்லுன்னு, சட்னி ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா டேபிளுக்கு. அதுக்கு மேல பில்லுல சர்வீஸ் சார்ஜ். இத தானா பில்லுல சேர்க்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே சொல்லியாச்சு, டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்ல அது சரிதான்னு சொல்லிடுச்சு, அதனால தைரியமா எடுக்க சொல்லுங்க. நாங்க கேட்டோம், எடுத்துட்டாங்க. டிபன் கடைக்கு சோஃபா முக்கியமில்ல, அடுப்புலேர்ந்து தட்டுக்கு எவ்ளோ சீக்கிரம் வருதுங்கறதுதான் முக்கியம்.

அந்த விஷயத்துல வீட்ட எந்தக் கடையும் ஜெயிக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலமே கிரைண்டர் ஓட ஆரம்பிச்சிடும், நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். உளுந்த முதல்ல போட்டு ஐஸ் தண்ணி தெளிச்சு தெளிச்சு ஆட்டணும், ஒரு சொட்டு எடுத்து தண்ணில விட்டா மிதக்கணும், அதுதான் பதம். மிக்சில சூடேறிடும், மாவு இந்த மாதிரி பொங்கி வராது. கல்லுப்பு போட்டு கையாலயே கலந்து வெச்சா மே மாசத்துல ராத்திரிக்குள்ளயே பாத்திரத்த தாண்டி வழிஞ்சிடும், மார்கழில காலைல எட்டு மணிக்குக்கூட சோம்பேறியா கிடக்கும், அப்போ அடுப்பு பக்கத்துல வெக்கறதுதான் வழி. அம்மா இன்னமும் துணி போட்டுதான் ஊத்துவாங்க, வெந்ததும் தட்ட கவுத்து துணி மேல தண்ணி தெளிச்சு உரிச்சா பின்னாடி அந்த துணி நெசவு பதிஞ்சிருக்கும், ஆவி போறதுக்குள்ள பொடியும் நல்லெண்ணெயும் போட்டு முதல் ஈட்டுலயே நாலு இட்லி உள்ள போயிடும்.

ஆனா வடை மட்டும் கடைலதான். வீட்டுல கொஞ்சம் எண்ணெய வெச்சுக்கிட்டு சுட்டா அடுத்தடுத்து போடறப்ப சூடு இறங்கி வடை எண்ணெய் குடிச்சிடுது, கடைல பெரிய வாணலி, எண்ணெய் காஞ்சபடியே இருக்கு, மொறுமொறுப்பு தானா வருது.

காபி வீட்டுலதான். பொடி வாங்கறப்ப பாக்கெட்ட திருப்பி பாருங்க, காபி எவ்ளோ சிக்கரி எவ்ளோன்னு போட்டிருக்கும், சட்டப்படி காபி 51 சதவீதமாவது இருக்கணும், அந்த ஓரத்துல நிக்கற பொடிய வாங்கினா கசப்புதான் மிச்சம். எங்க வீட்டுல 80க்கு 20, முதல் டிகாஷன், அப்பதான் பொங்கின பால்.

வெளியூர்லேர்ந்து யாராவது வந்து ஒரே ஒரு காலை டிபனுக்குத்தான் நேரம் இருக்குன்னா ராயருக்குத்தான் கூட்டிட்டு போவேன். வயசானவங்க, சின்ன பசங்க கூட இருந்தா தெருவுல நிக்க வைக்க முடியாது, நேரா ரத்னா. ராயருக்கு போறவங்க சீக்கிரமே போயிடுங்க, உக்காந்த உடனே வடைய சொல்லிடுங்க, சட்னி ரெண்டாவது தடவை கேக்க கூச்சப்படாதீங்க.