நெற்று ஒன்று, லத்தீன் பெயர் நான்கு

வாகை, எருக்கு, கடுகு, முருங்கை. இவற்றின் காய் முற்றிக் காய்ந்துவிட்டால் தமிழில் நெற்று என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். லத்தீனில் நான்கு பெயர்கள்: லெகூமென், ஃபோலிகுலுஸ், சிலிக்குவா, காப்சுலா. தாவரவியல் மாணவர்கள் குழம்புவது இங்கேதான். மனப்பாடம் செய்வதைவிட, நெற்றைக் கையில் எடுத்து அது எங்கே வெடிக்கிறது என்று பார்ப்பதே நல்லது.

வாகை நெற்று இரண்டு ஓரங்களிலும் பிரியும். அது லெகூமென், அவரைக்காயின் வகை. 'பறித்துச் சேர்த்தல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த பெயர் என்பார்கள். வெடிப்பைப் பற்றி அதில் ஒரு குறிப்பும் இல்லை.

எருக்கங்காய் ஒரே ஓரத்தில்தான் வாய் திறக்கும். உள்ளே மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விதைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பட்டுக் குஞ்சம். ஃபோலிகுலுஸ் என்றால் சிறு பை. உப்பிய அந்தக் காய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. நான்கில் என் ஓட்டு இதற்குத்தான்.

காப்சுலா என்றால் சிறு பெட்டி. பல சூலக இலைகள் (பூவில் விதைகளைச் சுமக்கும் பகுதிகள்) கூடி உருவான கனி. வெண்டையும் பருத்தியும் இந்த வகை. நீளத்தைப் பார்த்து முருங்கையை அவரையோடு சேர்த்துவிடுகிறார்கள், அது தவறு. முருங்கை நெற்று மூன்றாகப் பிளக்கும். விதைக்கும் மூன்று இறக்கைகள். ஒருமுறை பிரித்துப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

சிலிக்குவாதான் சிக்கலானது. கடுகின் காயில் இரண்டு ஓடுகளும் அடியிலிருந்து மேலாகக் கழன்று விழும். நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று சட்டத்தில் மாட்டிய கண்ணாடித்தாள் போல நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் மங்கலாகத் தெரியும். லெகூமெனில் இந்தத் தடுப்பு இல்லை. இரண்டையும் பிரித்தறிய இது ஒன்றே போதும். ஆனால் பெயர் கைகொடுக்காது. ரோமானியர்களுக்கு சிலிக்குவா என்றால் பொதுவாகவே நெற்றுதான். தங்க சாலிடஸ் நாணயத்தில் 24-இல் ஒரு பங்குக்கும் அதுவே பெயர். கடுகுக் குடும்பத்துக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியவர்கள் தாவரவியலாளர்கள். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கரோப் மரத்துக்கு செரடோனியா சிலிக்குவா என்று பெயரிட்டார். அந்தப் பெயர் இன்றும் செல்லும். அந்த மரத்தின் நெற்றோ லெகூமென்.