மொரிஸ் மைனர்: பிரேக்குக்கு டிரம்மா டிஸ்க்கா, சைலன்சருக்கு இரும்புக் குழாயா ஸ்டெயின்லஸ்ஸா?

கொழும்பில் மொரிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் கார் வைத்திருப்பவர் பிரேக் பற்றி வாய் திறந்தாலே, "முன்னுக்கு டிஸ்க் பூட்டுங்கோ" என்பார்கள். டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுத்தும்; டிஸ்க்கில், சுற்றும் தட்டை இரு பக்கமும் பேட் இறுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் எல்லோருக்கும் அது முதல் செலவாக இருக்கத் தேவையில்லை.

1962க்குப் பிறகு வந்த 1098 சிசி மைனரில் முன் டிரம் 8 அங்குலம். அதற்கு முந்திய 948 சிசி காரில் 7 அங்குலம்தான். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஷூவைத் தள்ளும் சிலிண்டர் இரண்டு இருப்பதால், முன்னால் ஓடும்போது இரண்டு ஷூவையும் டிரம்மே உள்ளிழுத்துப் பிடிக்கும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் சர்வோ இல்லாமலே காலுக்குப் பாரம் குறைவு. டிஸ்க்கில் இந்த உதவி இல்லை, அதனால் பலர் சர்வோவும் சேர்த்துப் பூட்ட வேண்டி வருகிறது. டிஸ்க்கின் பலம் வேறு இடத்தில்: சூடு சீக்கிரம் ஆறும், மழைத்தண்ணீர் பட்டாலும் பிடி உடனே திரும்பும். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது டிரம் சூடேறிப் பிடி தளரலாம். காலி வீதி நெரிசலில் அந்தச் சூடு வராது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் நடுவில் ஓடும் காருக்கு, ஒழுங்காகப் புதுப்பித்த டிரம் போதும். குடும்பத்தோடு அடிக்கடி மலைநாட்டுக்குப் போகிறவர் தயங்காமல் டிஸ்க் போடட்டும். அப்படிப் போடும்போது, பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் டிரம்முக்காக எஞ்சிய அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். மைனரில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் போவது ஒரே சுற்றில். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போய்விடும், மிஞ்சுவது கைப்பிரேக் மட்டும். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சேஸிக்குள் ஒளிந்திருக்கிறது. கழற்றுவது பெரிய வேலை என்பதால் அதைத் தொடாமல் விடுவது எளிது. விடாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்பவிடாது. அதையும் மாற்றுங்கள். இரும்புப் பைப்பை உப்புக்காற்று தின்னும், செம்பு நிக்கல் கலந்த பைப் நீடிக்கும். டொட் 4 என்ற தரத்துப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த அளவுகோலே 155க்கு இறங்கிவிடும். நம்முடைய புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய டிரம் வாங்கலாம், அது சரியான வட்டமா என்று லேத்தில் பார்த்த பிறகு. சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது.

ஷூ மாற்றியதும் டிரம்மின் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு, சக்கரம் இறுகும்வரை, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் திருப்பி, பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்குச் சற்றே தளர்த்த வேண்டும். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்டர், பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. "டிஸ்க் இல்லாமல் சரிவராது" என்று கைவிட்ட கார்கள் பலவற்றுக்கு இந்த வேலையே குறை தீர்த்துவிடும்.

சைலன்சர் விஷயத்தில் யோசிக்க அதிகம் இல்லை. நகரத்துக் குறுந்தூர ஓட்டத்தில் குழாய் முழுதாகச் சூடாகாமல் உள்ளே தண்ணீர் தேங்கும், சாதாரண இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கையில் காசிருந்தால் ஸ்டெயின்லஸ். ஆனால் பழைய அளவுக் குழாயே வேண்டும். 48 குதிரைவலு இன்ஜினுக்கு அகலக் குழாய் தருவது பெரும்பாலும் சத்தம்தான். காசு இல்லையென்றால் இரும்பையே போடுங்கள், தவறில்லை. எதுவானாலும் இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டில் குழாய் சேரும் கிளாம்ப் கசியக்கூடாது. மைனரின் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழும், அந்த வழியாகப் புகை பிள்ளைகள் இருக்கும் பின் சீட்டுக்கு வரும். புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் அந்த ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்.