கோட்டைகள் எல்லாம் மேட்டு உச்சியில்: கியாந்தித் திராட்சை மலைகளில் ரோடு பைக்

இத்தாலியில் ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே இருக்கும் கியாந்தி மலைகளின் மிக உயர்ந்த உச்சியே 893 மீட்டர்தான். ஆல்ப்ஸில் 20 கிலோமீட்டர் ஏற்றம் ஏறிப் பழகியவர்கள் இந்த எண்ணைப் பார்த்து அலட்சியமாக வருவார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குத் தைலம் தேடுவார்கள். ஆல்ப்ஸ் ஏற்றத்தில் ஒரு தாளம் பிடித்துவிட்டால் ஒன்றரை மணி நேரம் அதிலேயே போகலாம். இங்கே 2 முதல் 6 கிலோமீட்டர் ஏற்றம், உடனே இறக்கம், அடியில் ஒரு பாலம், மறுபடி ஏற்றம். சமதளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 80 கிலோமீட்டர் ஓட்டினால் மொத்த ஏற்றம் 1,400–1,600 மீட்டர் சேர்ந்துவிடும்.

இதற்கு நிலம் பாதிக் காரணம், பழைய பகை மீதிக் காரணம். ஃபிளாரன்ஸும் சியெனாவும் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்ட எல்லைப் பகுதி இது. 1260 செப்டம்பர் 4 அன்று மொந்தாபெர்தியில் சியெனா ஜெயித்தது. கடைசியில் நிலைத்தது ஃபிளாரன்ஸ். எதிரி வருவதை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பதால் கோட்டைகளை முகட்டில் கட்டினார்கள். கோட்டைக்குள் ஊர் வளர்ந்தது, ஊருக்குச் சாலை வந்தது. ஆகவே பார்க்கத் தகுந்த எந்த இடமும் ஏற்றத்தின் முடிவில்தான் இருக்கும். இங்கே தயாராகும் கியாந்தி கிளாசிக்கோ மதுப்புட்டிகளில் இருக்கும் கறுப்புச் சேவல்கூட இந்த எல்லைச் சண்டையின் மிச்சம்தான். சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் ஒரு குதிரைவீரன் புறப்படுவது, இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று ஏற்பாடாம். ஃபிளாரன்ஸ்காரர்கள் தங்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டதால் அது விடியும் முன்பே கூவியதாம். கதைதான், ஆனால் சந்திப்பு நடந்ததாகச் சொல்லப்படும் ஃபோந்தெரூத்தோலி சியெனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்க்கலாம்.

வழித்திட்டம் போடும்போது தூரத்தைவிட, எத்தனை பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கிறோம் என்பதை எண்ணுங்கள். முகட்டிலிருந்து முகட்டுக்குப் போகும் சாலை மலிவு. ஆற்றைக் கடக்கும் சாலை விலை அதிகம். காஸ்தெல்லினாவிலிருந்து ராத்தா வரை சுமார் 10 கிலோமீட்டர், பெரும்பகுதி முகட்டின் மேலேயே போகிறது. இரண்டு ஊர்களும் 530–580 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சு வாங்காது. பன்சானோவிலிருந்து காஸ்தெல்லினாவுக்குத் தூரம் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் நடுவில் பேசா ஆறு இருக்கிறது. ஏறக்குறைய 500 மீட்டரிலிருந்து ஆற்றுப் பாலம் வரை இறங்கி, பிறகு 578 மீட்டருக்கு ஏற வேண்டும். காலையில் முதல் வேலையாக இதைச் செய்தால் சுகம்; 70 கிலோமீட்டர் ஓடிய பிறகு செய்தால் தண்டனை.

ஒரு நாளுக்குச் சரியான வழி: கிரேவே, பன்சானோ, காஸ்தெல்லினா, ராத்தா, கோல்திபுவோனோ மடாலயம், காயோலே, அங்கிருந்து பிரோலியோ கோட்டை, பிறகு சியெனா. கிரேவேயின் முக்கோணச் சதுக்கத்தில், 1524-ல் நியூயார்க் விரிகுடாவுக்குள் கப்பல் விட்ட வெராசானோவுக்குச் சிலை உண்டு. காஸ்தெல்லினாவுக்குள் நுழையும் முன் சாலையோரமே மொந்தெகல்வாரியோ என்ற, ரோமானியருக்கு முந்தைய எட்ரஸ்கன் மக்களின் கல்லறை மேடு இருக்கிறது. நான்கு திசைக்கும் வாசல் வைத்த மண்மேடு, சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிரோலியோ 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் கையில் இருக்கிறது. இத்தாலியின் இரண்டாவது பிரதமரான பெத்தினோ ரிக்காசோலி 1872-ல் கியாந்தி மதுவுக்கு எந்தத் திராட்சைகளைச் சேர்ப்பது என்று எழுதியது இந்த வீட்டுச் சமாச்சாரம். ஃபிளாரன்ஸிலிருந்தே ஓட்டத் தொடங்குவதை மட்டும் தவிர்க்கலாம்; நகரைவிட்டு வெளியேறும் வரை லாரியும் பேருந்தும்தான். மலைக்குள் ரயில் கிடையாது, ஆனால் சியெனாவிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு உள்ளூர் ரயிலில் சைக்கிளோடு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம்.

இனி சாமான். கார்பன் சட்டமா அலுமினியமா என்ற விவாதத்துக்கு இங்கே மதிப்பில்லை. கியரும் டயரும்தான் தீர்மானிக்கும். கணக்கைப் பாருங்கள். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, பெடல் நிமிடத்துக்கு 60 சுற்று. முன்னால் 36 பல், பின்னால் 28 பல் என்றால் வேகம் மணிக்கு 9.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றத்தில் சுமார் 235 வாட், 15 சதவீதத்தில் 345 வாட் தேவை. அதே காலுக்கு முன்னால் 34, பின்னால் 34 கொடுத்தால் வேகம் 7.6-க்கு இறங்கும், தேவை 183 வாட், 270 வாட். இந்த வித்தியாசம்தான் மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு நடந்து போவதா நொண்டிப் போவதா என்பதை முடிவு செய்கிறது. வாடகைக்கு எடுப்பவர்கள் பிராண்டைக் கேட்பதற்கு முன் கேசட்டில், அதாவது பின்சக்கரப் பல்சக்கர அடுக்கில், பெரிய சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கேளுங்கள். 32-க்குக் கீழே என்றால் வேறு வண்டி.

டயர் விஷயத்தில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் வெள்ளைச் சாலைகள். தார் போடாத, சுண்ணாம்புக்கல் சரளை இறுக்கிய சாலைகள் இவை. இவற்றைத் தாரிலிருந்து காப்பாற்றத்தான் 1997-ல் காயோலேயில் லெரோய்க்கா ஓட்டம் 92 பேரோடு தொடங்கியது; 1987-க்கு முந்தைய சைக்கிள்களுக்கான ஓட்டம் அது. இதே சாலைகளில் தொழில்முறைப் பந்தயம் 2007-ல் வந்தது. லெரோய்க்காவின் 209 கிலோமீட்டர் வழி ஆண்டு முழுக்கப் பழுப்புப் பலகைகளோடு நிரந்தரமாக இருக்கிறது.

25 மில்லிமீட்டர் டயரில் இந்தச் சாலைகளை ஓட்டலாம், ஆனால் ஓட்டியது மட்டும்தான் மிச்சம், ரசித்தது இருக்காது. உள்ளே டியூப் இல்லாத 32 மில்லிமீட்டர் டியூப்லெஸ் நல்ல சமரசம். 75 கிலோ எடையுள்ளவருக்குத் தார்ச்சாலையில் பின்னால் 55 பிஎஸ்ஐ, முன்னால் 52. வெள்ளைச் சாலை அதிகமான நாளில் இரண்டிலும் ஏழெட்டுக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் கூர்க்கல்லில் ரிம் இடிக்கும். ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் டயருக்கு 40 மில்லி. கோடையில் சீக்கிரம் உலர்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது. கல் பக்கச்சுவரைக் கிழித்தால் சீலன்ட் அடைக்காது. ஆகவே ஒரு டியூபும், உள்ளே வைக்க ஒரு துண்டுப் பழைய டயரும் பையில் இருக்கட்டும்.

ஓட்டும் முறையும் மாறும். கார்ச்சக்கரம் போன தடம் கெட்டியாக இருக்கும், நடுமேடும் ஓரமும் உதிரிச் சரளை. ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும், உட்கார்ந்தே ஏறுங்கள். வளைவுக்கு முன்னால் கார்கள் பிரேக் பிடித்துப் பிடித்துத் தரை அலையலையாகியிருக்கும். அங்கேதான் தண்ணீர்ப் பாட்டில் துள்ளி விழும். பாட்டில் தாங்கியைக் கையால் உள்பக்கம் நெருக்கி இறுக்கிக்கொள்வது இலவச வைத்தியம்.

மழை பெய்தால் இந்தச் சாலை வெள்ளைக் கூழாகிவிடும். பிரேக் பேடுக்கு அது உப்புத்தாள். காய்ந்த நாட்களில் மாதக்கணக்கில் வரும் ரெசின் பேட், ஈரமான ஒரே நாளில் தேய்ந்து போவதுண்டு. ஷிமானோ பேடில் உரசும் பொருள் 0.5 மில்லிமீட்டர் ஆனதும் மாற்ற வேண்டும். இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் உலோகம் கலந்த பேடைப் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் நிற்கும். டிஸ்க் எந்த வகைப் பேடை ஏற்கும் என்பதை அதன்மேலேயே எழுதியிருப்பார்கள், பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தக் கூழைச் செயினில் இரவு முழுக்க விட்டால் காலையில் சிமென்ட். அன்று மாலையே தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, மெழுகு வகை எண்ணெய் போட வேண்டும். ஈர வகை எண்ணெய் போட்டால் தூசி அதில் ஒட்டி அரைத்துவிடும். ஒரு வாரம் ஓட்டுபவர் இதை உணரமாட்டார். பருவம் முழுக்க ஓட்டினால் கேசட் விலையில் தெரியும்.

பிரேக்கில் இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. நம் ஊர்ச் சைக்கிளில் முன்பிரேக் பொதுவாக வலது கையில். இத்தாலிய வாடகை வண்டியில் இடது கையில். சாலையிலும் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சரளை இறக்கத்தில் பழக்கதோஷத்தில் பின்பிரேக் என்று நினைத்து இடதை அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் தோள்பட்டை. வாங்கும்போதே கடையில் மாற்றித் தரச் சொல்லலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் பெரும்பாலும் தயங்குவார்கள். மாற்றவில்லையென்றால் முதல் அரை மணி நேரம் காலியிடத்தில் பழகுங்கள்.

தண்ணீர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஊருக்குள் பொதுக் குழாய் இருக்கும், இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிக்காக வைத்த குழாயை இத்தாலிய ஓட்டுநர்கள் சகஜமாகப் பயன்படுத்துகிறார்கள்; ‘நொன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். மதியம் இரண்டரைக்கு மேல் சமையற்கட்டு மூடிவிடும். இந்த மாநிலமான தோஸ்கானாவின் ரொட்டியில் உப்பே கிடையாது. வியர்த்து வருபவருக்கு அது பயன்படாது, பெக்கோரினோ சீஸோ ஒலிவ் காயோ சேர்த்துக்கொள்ள வேண்டும். சைவர்களுக்குப் பூண்டும் தக்காளியும் போட்ட பிச்சி அல்லாலியோனே என்ற பாஸ்தா சரியான மதியச் சாப்பாடு.

மதுவை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு இத்தாலியில் சைக்கிளுக்கும் பொருந்தும். நடுவழியில் ருசி பார்த்தே ஆக வேண்டுமென்றால் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் துப்புவது அவமரியாதை இல்லை. ஒரு முழுப் புட்டி கண்ணாடியோடு ஒன்றேகால் கிலோ. அதைச் சட்டைப்பையில் முதுகெலும்புமேல் சுமந்து இறங்குவது முட்டாள்தனம். தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

சியெனாவுக்குள் பந்தயக்காரர்கள் ஏறும் சாந்தா காத்தரீனா தெரு கடைசி அரைக் கிலோமீட்டரில் 16 சதவீதம் வரை போகும், தரை முழுக்கக் கற்பலகை. நனைந்திருந்தால் இறங்கித் தள்ளுங்கள். பகலில் சுற்றுலாக் கூட்டம், காலை ஏழு மணிக்குப் போனால் தெரு உங்களுடையது. ஜூலை 2-ம் ஆகஸ்ட் 16-ம் பாலியோ குதிரைப் பந்தய நாட்கள். அதற்கு முந்தைய நாட்களிலேயே சதுக்கத்தில் மண் கொட்டிவிடுவார்கள். எப்படியும் அந்த இரண்டு மாதங்களும் வெயிலுக்காகவே தள்ள வேண்டியவை. மே நல்லது. செப்டம்பரில் அறுவடை நடக்கும், டிராக்டர்கள் வளைவுகளில் மண்ணும் திராட்சைச் சாறும் சிந்திவிட்டுப் போகும், தார்ச்சாலையும் வழுக்கும். அக்டோபர் முதல் ஞாயிறு லெரோய்க்கா என்பதால் காயோலே பக்கம் அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பிடித்து வையுங்கள்.