குழாயா, துளையா: தலையில் நீர் கோர்த்த குழந்தைக்கு எது?

கைக்குழந்தையின் தலை மாதாமாதம் அளவுக்கு மீறிப் பெருக்கிறது. உச்சிக்குழி விம்மி நிற்கிறது. கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிகிறது. இப்படி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது ஹைட்ரோகெஃபலஸைத்தான். மூளைக்குள் இருக்கும் அறைகளில் நீர் தேங்கிவிடுகிறது. இந்த நீர் எல்லோருக்கும் ஊறுவதுதான்; பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் ஊறி, ரத்தத்தில் கலந்துவிடும். கலக்கும் வழி கெட்டால்தான் வினை. மாத்திரை கொடுத்து வற்றவைக்கிற நோயில்லை, அறுவை சிகிச்சைதான். அதில் இரண்டு வழி: குழாய் போட்டு நீரை வயிற்றுக்கு இறக்குவது, இல்லாவிட்டால் மூளைக்குள்ளேயே துளை போட்டு மாற்றுப்பாதை திறப்பது.

குழாய்க்கு ஷன்ட் என்று பெயர். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வால்வு. தடவினால் புளியங்கொட்டை மாதிரி விரலில் படும். அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கடியிலேயே இறங்கி வயிற்றில் முடியும். குழந்தை வளர வளர எட்ட வேண்டுமே என்று கூடுதல் நீளத்தை வயிற்றுக்குள் விட்டுவைப்பார்கள். இந்த வால்வு பிறந்ததில் ஒரு தகப்பனின் கைவேலை இருக்கிறது. 1955இல் இந்த நோயோடு பிறந்த கேசி என்ற குழந்தையின் அப்பா ஜான் ஹோல்டர், அமெரிக்காவில் இயந்திரத் தொழில்நுட்பர். ஃபிலடெல்ஃபியாவில் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸோடு சேர்ந்து சிலிக்கோனில் ஒருவழி வால்வு செய்தார். 1956இல் அது பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

ஷன்ட்டின் பலம், நீர் எந்தக் காரணத்தால் தேங்கியிருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும் என்பது. பலவீனம், அது அடைத்துக்கொள்ளும், துண்டாகும், கிருமி பிடிக்கும். குழந்தைகளுக்கு வைத்தவற்றில் ஏறக்குறைய பாதி இரண்டே ஆண்டுகளில் பழுதாகிவிடுகிறது. மறுபடி அறுவை, மறுபடி குழாய். பத்து ஆண்டு ஒழுங்காக ஓடிய ஷன்ட் பதினோராம் ஆண்டு ஒரு ராத்திரியில் அடைத்துக்கொள்ளலாம். பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருக்கிற ஊரில் இது தொல்லை. இல்லாத ஊரில் உயிர்ப் பிரச்சினை.

துளை போடுவது இந்த வால்வைவிடப் பழைய யோசனை. 1923இலேயே பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், சிறுநீர்ப்பாதையைப் பார்க்கிற கருவியைக் குழந்தையின் மூளைக்குள் விட்டு இதைச் செய்திருக்கிறார். இன்று மருத்துவமனைகளில் ஈடிவி என்பார்கள் (சேனல் அல்ல). எண்டோஸ்கோப் பக்கவாட்டு அறைக்குள் நுழைந்து, சிறு வாசல் வழியாக நடுவில் உள்ள மூன்றாம் அறைக்கு இறங்கும். அதன் தரை, நீர் அழுத்தத்தில் வெங்காயச் சருகு போல மெலிந்து, அடியில் இருப்பது நிழலாகத் தெரியும். அந்தச் சருகைக் குத்தித் திறந்து, சின்ன பலூனால் அகலப்படுத்தினால் நீர் மூளைக்கு வெளியே உள்ள இடைவெளிக்குப் பாயும். சருகுக்கு நேர் கீழே துடித்துக்கொண்டிருப்பது பேசிலார் தமனி. கை தவறினால் அவ்வளவுதான். ஆனால் சரியாக முடிந்தால் உடம்புக்குள் அந்நியப் பொருள் எதுவும் மிச்சமில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் துளையே போட்டுவிடலாமே? ஒரு வயதுக்குக் கீழே இது அடிக்கடி தோற்கும், அதுதான் சிக்கல். இங்கேதான் பெஞ்சமின் வார்ஃப் வருகிறார்.

ஹார்வர்டில் மருத்துவம் படித்து, பாஸ்டனில் குழந்தைகள் நரம்பியல் அறுவையில் பயிற்சி பெற்று, கென்டக்கியில் பல்கலைக்கழகப் பணியில் இருந்தவர். 2000இல் மனைவி, ஆறு பிள்ளைகளோடு உகாண்டாவின் இம்பாலே நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே க்யூர் என்ற தொண்டு அமைப்பின் குழந்தைகள் மருத்துவமனை 2001இல் திறந்தது. வந்து குவிந்த குழந்தைகளில் சுமார் 60 சதவீதம் பேருக்கு நோயின் காரணம் கிருமித்தொற்று. அதிலும் பெரும்பாலோருக்குப் பிறந்த முதல் மாதத்திலேயே தொற்றியது. ஷன்ட் வைத்து அனுப்பலாம். அது கிராமத்தில் அடைத்துக்கொண்டால் யார் எடுப்பது? அந்தக் கவலையில்தான் துளையோடு இன்னொன்றையும் சேர்த்தார்: நீரைச் சுரக்கும் கோராய்டு பிளெக்சஸ் என்ற திசுவையும் அதே எண்டோஸ்கோப்பால் சுட்டுவிடுவது. சுடுவதும் புதிதில்லை, 1910இல் சிகாகோவில் ஒரு சிறுநீரக மருத்துவர் செய்து பார்த்ததுதான். இரண்டையும் சேர்த்ததும், நூற்றுக்கணக்கில் செய்து கணக்கு வைத்ததும் இம்பாலேயின் பங்கு. 2005இல் வெளியிட்ட 550 குழந்தைகளின் கணக்கில், ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குத் துளை மட்டும் போட்டதில் 47 சதவீத வெற்றி, சுட்டதையும் சேர்த்தால் 66. பின்னாளில் அமெரிக்காவில் செய்து பார்த்தவர்களுக்கு எல்லா இடத்திலும் இதே பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, நேருக்கு நேர் மோதவிட்டால்? அதையும் இம்பாலேயிலேயே செய்தார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட, தொற்றால் நோய் வந்த 100 குழந்தைகள். 51 பேருக்குத் துளையும் சுடுதலும், 49 பேருக்கு ஷன்ட். 2017இல் வந்த முடிவின்படி, ஓராண்டில் அறிவு வளர்ச்சியில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. சிகிச்சை தோற்றது துளைத் தரப்பில் 35 சதவீதம், ஷன்ட் தரப்பில் 24. புள்ளியியல்படி இதையும் உறுதியான வித்தியாசமாகக் கொள்ள முடியாது. சமன் என்று சொல்லி இதைக் கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. துளை தோற்பதானால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே தோற்றுவிடும். ஷன்ட்டின் தோல்வி தவணை முறையில் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். ஓராண்டுக் கணக்கு ஷன்ட்டுக்குச் சாதகமான கணக்கு என்றே நான் வாசிக்கிறேன்.

அப்புறம் ஷன்ட்டுக்குள்ளேயே ஒரு போட்டி. வார்ஃப் 195 குழந்தைகளில் ஒப்பிட்டவை இரண்டு: அப்போது சுமார் 650 டாலர் விலையிருந்த காட்மன் ஹகீம், உத்தரப் பிரதேசத்தில் தயாராகும், அப்போது சுமார் 35 டாலரே விலையிருந்த சாப்ரா. ஓராண்டு முடிவில் பலன் ஒன்றுதான். விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

என்னைக் கேட்டால், நீர்ப்பாதை குறுகிய பத்து வயதுப் பிள்ளைக்குத் துளைதான். குறைமாதத்தில் பிறந்து மூளையில் ரத்தம் கசிந்த சிசுவுக்கு ஷன்ட் பக்கம்தான் சாய்வேன். நடுவில் நிற்கிற நாலு மாதக் குழந்தைக்கு ஸ்கேனோடு இரண்டு கேள்வி சேர வேண்டும்: இங்கே எண்டோஸ்கோப்பில் கை பழகியவர் உண்டா, வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம்? துளை போட்ட குழந்தைக்கும் எப்போதாவது அந்தத் துளை மூடிக்கொள்வதுண்டு. ஆகவே இரண்டில் எது செய்திருந்தாலும், விடாத வாந்தியும் எழுப்ப முடியாத தூக்கமும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.