அழிப்பதற்கு முன் எந்த சிங்க் மென்பொருள் ஒழுங்காகச் சொல்கிறது?

இரண்டு இடங்களில் உள்ள கோப்புகளை ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க் மென்பொருளில் ஆபத்தான வேலை பெரும்பாலும் அழிப்புதான். எந்தப் பக்கத்தில், எதை, எத்தனை அழிக்கப் போகிறது, திரும்ப எடுக்க முடியுமா? எச்சரிக்கை இவற்றைச் சொல்கிறதா என்று பார்த்தாலே போதும், தரம் தெரிந்துவிடும்.

கட்டளை எழுதி ஓட்டும் ஆர்சிங்க் (rsync) எதையும் கேட்காது. மூலத்தில், அதாவது அனுப்பும் பக்கத்தில், இல்லாதவற்றை அழிக்கும் டெலீட் விருப்பத்தைக் கொடுத்தால், தெரிந்துதான் கொடுத்திருக்கிறார் என்று வேலையை ஆரம்பித்துவிடும். இதில் ஒரே ஒரு ஸ்லாஷ் படுத்தும் பாடு இருக்கிறதே! 'படங்கள்' ஃபோல்டரைப் பேக்கப் டிஸ்க்குக்கு அனுப்புகிறோம். மூலத்தின் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷ் இல்லையென்றால், டிஸ்க்கில் உள்ள 'படங்கள்' ஃபோல்டருக்குள் மட்டும்தான் அழிப்பு நடக்கும். ஸ்லாஷ் இருந்தால் உள்ளே இருப்பவை நேரடியாக டிஸ்க்கில் போய் இறங்கும். அங்கே ஏற்கெனவே இருந்த மற்ற ஃபோல்டர்கள் எல்லாம் மூலத்தில் இல்லாதவை என்று காலியாகிவிடும். டிரை-ரன், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகை, போட்டுப் பார்த்தால் இது முன்பே தெரிந்துவிடும். ஆனால் அதைப் போடுகிறவர் ஏற்கெனவே ஜாக்கிரதையான ஆள்.

கிளவுட் சேமிப்புகளுடன் சிங்க் செய்யும் ஆர்குளோனின் (rclone) சிங்க் கட்டளைக்கான உதவிப் பக்கம், தரவு அழிந்து போகலாம், முதலில் டிரை-ரன் செய்து பாருங்கள் என்கிறது. சரி, அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

கருவிகளுக்கு இடையே ஃபோல்டர்களை சிங்க் செய்யும் சிங்க்திங்கின் (Syncthing) அனுப்ப மட்டும் வகை ஃபோல்டரில், மற்ற கருவிகளில் நடந்த மாற்றங்களை மீறி எழுத ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் வரும் பெட்டி, இங்கே இல்லாத கோப்புகள் மற்ற கருவிகளில் அழிக்கப்படும் என்று பக்கத்தைச் சுட்டியே சொல்கிறது. வெறுமனே 'உறுதியா?' என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். எத்தனை கோப்புகள் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கலாம்.

ஆர்குளோனின் இருவழி சிங்க் கட்டளையான பைசிங்க் வேறு ரகம். ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் அழிந்திருந்தால், எத்தனையில் எத்தனை என்று சொல்லி நின்றுவிடும். இன்னோர் இருவழி சிங்க் மென்பொருளான யூனிசனும் ஒரு பக்கம் மொத்தமாகக் காலியாகத் தெரிந்தால் கூடுதலாக ஒருமுறை கேட்கும். ஆள் இல்லாமல் பேட்ச் முறையில் ஓடினால் நிறுத்திவிடும். வெளி டிஸ்க் கணினியோடு இணையாமல் (மவுண்ட் ஆகாமல்) ஃபோல்டர் காலியாகத் தெரியும்போது காப்பாற்றுவது இந்த ரகம்தான்.

என் ஓட்டு பைசிங்குக்கு. எப்போதாவது வருகிற எச்சரிக்கையைத்தான் ஆட்கள் படிப்பார்கள். வாசகத்தை மட்டும் சிங்க்திங்கிடம் கடன் வாங்கி இப்படி எழுதலாம்: "பேக்கப் டிஸ்க்கில் 1,240 கோப்புகள் அழியும். குப்பைத்தொட்டிக்குப் போகாது." பட்டன்களில் 'சரி', 'வேண்டாம்' என்று போடாமல் '1,240 கோப்புகளை அழி', 'நிறுத்து' என்றே போட வேண்டும்.

பைசிங்கிலும் ஓர் ஓட்டை உண்டு. 4 கோப்புகளில் 3 போனால் கத்தும். 10,000-ல் 4,900 போனால் வாயே திறக்காது. பெரிய ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் மேக்ஸ்-டெலீட் என்ற இந்த அழிப்பு வரம்பை 50 சதவீதத்திலிருந்து நன்றாகக் கீழே இறக்கி வைப்பது நல்லது.