பினாங்கில் மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பட்டர்வொர்த் பக்கம் ஒரு கடையில் வீட்டுத் தண்ணீர் பம்பின் மோட்டாருக்குப் புதுக் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கட்டக் கொடுத்தேன். பில்லில் 'இயற்கை எண்ணெய்க் கோட்டிங், கெமிக்கல் இல்லை' என்று பெருமையாக எழுதித் தந்தார்கள். பம்பைச் சாப்பிடவா போகிறோம்?

வெயில் நாளில் மோட்டார் ஒழுங்காக ஓடும். இரவு மழை பெய்தால் போச்சு. காலையில் சுவிட்சைப் போட்டதும் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் சுவிட்ச்) விழுந்து, வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும்.

கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு அண்ணே, உங்க வீட்டு வயரிங்கைப் பாருங்க" என்றார். மெகர் (கரண்ட் கசியாமல் தடுக்கும் காப்பை அளக்கும் கருவி, கணக்கு ஏற ஏற நல்லது) வைத்துக் காட்டினார், முள் 200 மெகா ஓமைத் தாண்டியது. ஆனால் அதற்கு முன் ஹீட் கன்னைக் காயில் மேல் நன்றாகக் காட்டிவிட்டுத்தான் வைத்தார். கேட்டால், தூசி போகவாம்!

தெரிந்த வயர்மேன் ஒருவர் மழை விட்ட காலையில் வீட்டுக்கே வந்து, 500 வோல்ட் மெகரில் பார்த்தார். ஒரு மெகா ஓம்கூட இல்லை. குறைந்தது 5 இருக்க வேண்டும் என்றார். மோட்டாரைத் திறந்தால் ஆளிவிதை எண்ணெய் வாடை. காயிலைத் தொட்டால் விரலில் பிசுக்கென்று ஒட்டியது.

ஆளி எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். மேலே படலம் கட்டினாலும், காற்றுப் புகாத காயில் இடுக்கில் பச்சையாகவே நிற்கும். இறுகிய படலத்திலும் அமிலக் கூறுகள் உண்டு, அவை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் அதற்குள் அயனிகள் நகர வழி கிடைக்கிறது, கரண்ட் கசிகிறது. மேலே கடற்காற்றின் உப்பும் தூசியும் படிந்தால் கேட்கவே வேண்டாம். சூடு காட்டினால் ஈரம் போய்விடும், மெகரும் நல்ல கணக்குக் காட்டும். ஹீட் கன் எதற்கென்று இப்போது புரிகிறதா?

"வெள்ளைக்காரன் காலத்து மோட்டாருக்கெல்லாம் இதே எண்ணெய்தான்" என்றும் கடைக்காரர் ஒரு வாதம் வைத்தார். பாதி உண்மை. அந்தக் காலத்தில் காயிலுக்குப் பூசிய வார்னிஷில் ஆளி எண்ணெய் இருந்தது, ஆனால் பிசினோடு காய்ச்சி, அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். இவர் தூரிகையால் தடவி நிழலில் வைத்திருக்கிறார்.

கொடுக்கும் முன் பாலியெஸ்டர் அல்லது எபாக்சி வார்னிஷா, முக்கிச் சுட அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அடுப்பைக் காட்டச் சொல்லுங்கள். சூடு காட்டாமல் மெகர் வைக்கச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். இப்போது கடைக்காரர் பம்புக்கு மேல் தகரக் கூரை இலவசமாகப் போட்டுத் தருகிறாராம். காற்றில் இருக்கும் ஈரத்தை எந்தத் தகரம் தடுக்கும்?