ஆலைப் பயிற்சிக்கு எது ஏற்றது: வகுப்பறையா, வாங்கிய பாடமா, சொந்தத் தளமா?

கடலூர் சிப்காட் வளாகத்தில் உள்ள நடுத்தர அளவிலான ஒரு வேதிப்பொருள் ஆலையில் பயிற்சிப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். நிரந்தரத் தொழிலாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களுமாக ஏறத்தாழ 240 பேர். குடிகாடு, காரைக்காடு, ஆலப்பாக்கம், குறிஞ்சிப்பாடி என்று சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தும், சிலர் புதுச்சேரியிலிருந்தும் வேலைக்கு வருகிறார்கள். இவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியையும், எஸ்ஓபி என்று நாங்கள் சொல்லும் இயக்கமுறைப் பயிற்சியையும் இணையவழிக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தபோது மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைத்து வகுப்பு நடத்தும் பழைய முறை ஒன்று. ஆண்டுச் சந்தா கட்டி ஆயத்தப் பாடங்களை வாங்குவது மற்றொன்று. இணையவழிப் பாடத் தளம் நடத்த உதவும் மூடுல் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி, பாடங்களை நாங்களே உருவாக்கிக்கொள்வது மூன்றாவது. முதல் முறையில் பல ஆண்டுகளும் இரண்டாவதில் ஓராண்டும் கழித்துவிட்டு இப்போது மூன்றாவதில் நிற்கிறோம். என் சாய்வும் அதன் பக்கம்தான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இணையவழிக் கற்றலின் பொதுவான நன்மைகளை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. ஐஐடி பாடங்களைத் தரும், 2003-இல் தொடங்கிய என்பிடெல், 2017-இல் வந்த மத்திய அரசின் ஸ்வயம் பாடத் தளம், அரசு ஊழியர்களுக்காக 2020-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த கர்மயோகி திட்டம் ஆகியவற்றால் இந்த முறை நம்மவர்களுக்கு நன்கு பழகிவிட்டது. ஆனால், மூன்று ஷிப்டு ஓடும் ஆலைக்கு மட்டுமே உரிய ஒரு நன்மையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும்: அவரவர் ஷிப்டுக்கு ஏற்ற நேரத்தில் பாடத்தைப் பார்க்கலாம். வகுப்பறையில் அப்படி இல்லை. பயிற்சியாளர் காலை 10 மணிக்குத்தான் வருவார். இரவு 10 மணிக்கு ஏறி விடியற்காலை 6 மணிக்கு இறங்கிய சி ஷிப்டு ஆள், வீட்டுக்கும் போகாமல் அதுவரை கேன்டீனில் காத்திருந்து வகுப்பில் உட்காருவார். கால்மணி நேரத்தில் தலை சாய்ந்துவிடும். எட்டு மணி நேரம் ரியாக்டர் பக்கத்தில் நின்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. வருகைத் தாளில் அவருடைய கையெழுத்து இருக்கும். பாடம் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 111ஏ பிரிவு, உடல்நலம், பாதுகாப்பு குறித்த பயிற்சியைத் தொழிலாளரின் உரிமை என்றே வகுத்தது. கையெழுத்து வாங்கியதோடு அந்த உரிமை நிறைவேறிவிட்டதாக நான் ஒருபோதும் கருதியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் வகுப்பறையை நாங்கள் முழுவதும் கைவிடவில்லை. மூச்சுக் கருவியை முதுகில் மாட்டி, முகமூடியின் பட்டைகளை இழுத்து, காற்றுக் கசிவைக் கையால் பொத்திப் பார்ப்பதையும், தீயணைப்பானின் ஊசியை உருவி நெருப்பின் அடிப்பக்கம் பார்த்து அடிப்பதையும் திரையில் கற்றுக்கொடுக்க இயலாது. அவற்றுக்கு ஆளும் கருவியும் திறந்தவெளியும் வேண்டும். ஆகவே ஒப்பீடு எஞ்சிய பாடங்களைப் பற்றியது: இயக்கமுறை, ஆபத்தான வேலைக்கு முன் எழுத்தில் அனுமதி வாங்கும் பெர்மிட் நடைமுறை, வேதிப்பொருள்களின் தன்மை, அவசரகாலத்தில் யார் எங்கே கூட வேண்டும் என்பது போன்றவை.

ஆயத்தப் பாடங்களின் பெருமையை மறைக்க மாட்டேன். சந்தா கட்டிய மறுவாரமே தொடங்கிவிட்டோம். படங்கள் அழகாக இருந்தன. யார் முடித்தார், யார் பாதியில் நிறுத்தினார் என்ற அறிக்கை தானாகவே வந்துவிடும். தமிழ்க் குரலும் இருந்தது. ஏட்டுத் தமிழாக இருந்தாலும் புரிந்தது.

சிக்கல் எட்டாவது மாதத்தில் வந்தது. பம்பைப் பழுதுபார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, எச்சரிக்கைச் சீட்டு மாட்டி, உள்ளே வரும் குழாயையும் வெளியேறும் குழாயையும் அடைத்து, எஞ்சிய திரவத்தை வடித்துவிட வேண்டும். இந்தப் பாடத்தை மட்டும் கூடுதல் கட்டணம் கட்டி எங்கள் பம்புக்கு ஏற்றபடி செய்து வாங்கியிருந்தோம். இடையில், கடற்காற்றில் வடிகுழாய் அரித்துப்போனதால் பராமரிப்புப் பிரிவினர் அதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றி, புது வால்வு போட்டுவிட்டார்கள். பாடம் மாறவில்லை. இரண்டு வாரம் கழித்து டைம் ஆபீஸ் பக்கத்துக் கணினியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டு, “சார், நம்ம டிரெயின் வால்வு இப்ப வலப்பக்கம் இல்ல இருக்கு? இதுல இடப்பக்கம்னு காட்டுறாங்களே, எதை நம்புறது?” என்று கேட்டார். அனுபவம் உள்ளவர் என்பதால் கேட்டார். புதிதாகச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி பாடத்தை நம்பி, இல்லாத வால்வைத் தேடியிருப்பார். அல்லது பக்கத்தில் இருந்த வேறொன்றைத் திறந்திருப்பார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினோம். அவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் ஒரு படத்தை மாற்ற மதிப்பீடு, ஒப்புதல், குரல்பதிவு, சோதனை என்று ஆறு வாரம் ஆயிற்று. எங்கள் கையில் இருந்தது ஸ்கார்ம் என்ற, இணையவழிப் பாடங்களுக்கான பொது வடிவிலான பொதி மட்டுமே. அது ஏற்கெனவே கட்டி முடித்த பாடம். மூலக்கோப்பு அதை உருவாக்கியவரிடம்தான் இருக்கும். அது இல்லாமல் உள்ளே ஓர் அம்புக்குறியைக்கூட நம்மால் ஒழுங்காக நகர்த்த இயலாது. சந்தாவை நிறுத்தினால் பாடங்களும் போய்விடும் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. நாங்கள்தான் கையெழுத்திடும்போது விலைப் பக்கத்தை மட்டும் கவனித்திருந்தோம். இந்த வழியில் செல்ல விரும்புவோர் மூலக்கோப்பு யாருக்கு உரியது, திருத்தம் எத்தனை நாளில் கிடைக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுமாறு வற்புறுத்திச் சொல்வேன்.

மூடுல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் தொடங்கி, 2002-இல் முதல் பதிப்பாக வெளிவந்த மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. தமிழ் இடைமுகமும் உண்டு. ஆனால் கட்டணம் இல்லை என்பதற்காக அதை எடுத்துக்கொள்ளுமாறு யாருக்கும் சொல்ல மாட்டேன். மிச்சமாகும் சந்தாவில் பெரும்பகுதி ஆள் நேரமாகச் செலவாகிவிடுகிறது. எங்கள் கணினிப் பிரிவு இளைஞர் ஒருவர் வாரத்தில் அரைநாளை இதற்கென்றே ஒதுக்குகிறார்: பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றுவது, காப்புநகல் எடுப்பது, அந்த நகல் உண்மையில் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை சோதிப்பது. முதலில் சர்வரை ஆலைக்குள்ளேயே வைத்திருந்தோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அதையடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளமும் வந்தபோது மின்சாரமின்றி நான்கு நாள் தளம் முடங்கியது. அதன்பிறகு வெளியே வாடகைக்கு இடம் எடுத்து மாற்றிவிட்டோம்.

இந்த உழைப்புக்கெல்லாம் ஈடாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: பாடத்தைத் திருத்தும் அதிகாரம் எங்கள் கையில் இருக்கிறது. மற்ற நிறை குறைகளை எல்லாம் சேர்த்தாலும் எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. அலுவலக மென்பொருளைச் சொல்லித்தரும் பாடம் ஓராண்டு பழையதானால் கேடு ஒன்றும் இல்லை. பம்பைப் பற்றிய பாடம் ஒரு நாள் பழையதானாலும் ஆபத்து.

திருத்துவது எளிது என்று நினைத்துவிட வேண்டாம். தீப்பற்றும் ஆவி இருக்கக்கூடிய பகுதிக்குள் கைபேசியைக் கொண்டுபோக அனுமதி இல்லை. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நாளில் குழாய்களைக் காலி செய்து, வாயு அளவு பார்த்து, பெர்மிட் போட்ட பிறகே படம் எடுக்கிறோம். கடந்த முறை எங்கள் ஃபோர்மேன் வால்வின் மேல் கைவைத்து, “இதை மூடிட்டு, பூட்டைப் போட்டு, சாவியை உங்க பாக்கெட்ல வைங்க; அடுத்தவங்ககிட்ட குடுக்காதீங்க” என்று சொன்ன 40 விநாடிப் பதிவை அப்படியே ஏற்றினோம். வெளிச்சம் போதவில்லை, பின்னால் சுத்தியல் சத்தம் கேட்கிறது. ஆனால் தொழிலாளர்கள் தங்கள் பம்பை, தங்கள் ஃபோர்மேனை, தங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். வாங்கிய பாடத்தைப் பார்த்து யாரும் என்னிடம் சந்தேகம் கேட்டது அரிது; இப்போது பாடத்தில் தவறு கண்டுபிடித்துச் சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். ஷட்டவுன் வரை காத்திருக்க முடியாத மாற்றங்களுக்கு வரைபடமும் இரண்டு வரி எழுத்துமே போதுமானதாக இருக்கிறது.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். சொந்தத் தளத்தில் இன்னும் இரண்டு ஆண்டு முடியவில்லை. அந்த இளைஞர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு; கடவுச்சொற்களையும் பராமரிப்பு முறையையும் எழுதி வைத்திருக்கிறோம், ஆனால் வேறொருவர் அதை வைத்து நடத்திக் காட்டும் நிலை இதுவரை வரவில்லை. பல ஊர்களில் கிளை உள்ள பெரிய நிறுவனத்துக்கு இந்த முறை தாங்குமா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கணக்கு, விற்பனை, கணினிப் பயன்பாடு போன்று எங்கும் ஒரேபோல் இருக்கும் பாடங்களுக்கு ஆயத்தப் பாடமே மேல். எங்கள் அலுவலகப் பிரிவுக்கு இப்போதும் அவற்றைத்தான் வாங்குகிறோம். கணினிப் பொறுப்புக்கு ஓர் ஆளைக்கூட ஒதுக்க முடியாத சிறிய பட்டறைக்கு, ஷிப்டு மாறும் நேரத்தில் ஃபோர்மேன் பத்து நிமிடம் நின்று பேசுவதே தளத்தைக் காட்டிலும் பயன் தரும்.

தளம் மாறியதைவிடப் பெரிய பலன் தந்தது ஒரு தாளில் செய்த மாற்றம். ஆலையில் எந்தக் குழாயையோ வால்வையோ மாற்றினாலும் அதற்கென்று ஒரு படிவம் உண்டு. அதன் கடைசியில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ‘பயிற்சிப் பாடம் திருத்தப்பட்டதா? நாள், கையெழுத்து.’ அந்த இடம் காலியாக இருந்தால் ஷிப்ட் இன்சார்ஜ் பம்பை ஓட்ட அனுமதிப்பதில்லை.